கெட்டவனாக நிற்கத் தெரிந்தவன்

அவனுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாலு பேர் வாசித்துவிட்டு, பாவம், நல்ல பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அது அவன் காதில் விழுந்தால் என்னோடு சண்டைக்கு வருவான். இப்போது எங்கே இருக்கிறான் என்பதும் சரியாகத் தெரியாது. வடக்கே, மாம்பழத் தோட்டங்கள் இருக்கிற பக்கம் போய்விட்டான் என்று கேள்வி.

ட்ருகனினா என்ற புறநகரில் நாங்கள் இருவரும் ஒரே கிட்டங்கியில் வேலை செய்தோம். குளியலறைக்குப் பதிக்கிற ஓடுகள் கப்பலில் வந்து, எங்கள் கைகளில் ஏறி இறங்கி, கடைகளுக்குப் போகும். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவன் பெட்டிகளைப் பலட் என்கிற மரத்தட்டில் அடுக்கி, சுற்றிவரப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுவான். என்னைவிட ஒரு பதினைந்து வயது குறைந்தவன். ஒல்லியான உடம்பு. இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை; நாலைந்து பேரோடு ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தான். நான் விமானத்தில் வந்தவன், அவன் படகில் வந்தவன். எங்கள் ஆட்களிடையே இது சாதி மாதிரி ஒரு விஷயம். வாயால் யாரும் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் யாரை எந்த மேசையில் இருத்துகிறார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும்.

அவனைப் பற்றிச் சொல்ல ஒரு குணம் போதும். எங்கே என்ன பிழை நடந்தாலும் "நான்தான்" என்று கையைத் தூக்கிவிடுவான்.

முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு பலட் ஓடு சரிந்து சில்லுச் சில்லாகப் போன அன்று. சரித்தவன் வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பஞ்சாபிப் பொடியன். முகம் வெளுத்துப்போய் நின்றான். சுப்பர்வைசர் கத்திக்கொண்டு ஓடிவந்து, யார் செய்தது என்று கேட்டார். இவன் கிட்டங்கியின் அடுத்த அந்தத்தில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தான். சுருளைக் கீழே வைத்துவிட்டு, ஆறுதலாக நடந்து வந்து, "மீ, பொஸ்" என்றான். அவர் அவனுடைய கண், மூளை, ஊர் எல்லாவற்றையும் இழுத்து ஏசினார். இவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான்.

தேநீர் இடைவேளையில் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்னடா விசரா?"

"நானெண்டால் பத்து நிமிசம் கத்துவான் அண்ணை. அந்தப் பொடியன் எண்டால் வீட்டை போகச் சொல்லுவான். கத்தினா என்ன, காது தேஞ்சா போகும்?"

அடடா என்று நினைத்தேன். அடுத்த மாதமே அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த என் சாப்பாட்டைக் காணவில்லை. மனைவி முதல் நாள் வைத்த நண்டுக் குழம்பு. நான் கொதித்துக்கொண்டு நின்றபோது இவன் வந்து, "நான்தான் அண்ணை, பசி" என்றான். வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொடாத ஆள்! பச்சைப் பொய். யார் தின்றது என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. தின்றவன் அடுத்த கிழமையும் இன்னொருவருடைய பெட்டியில் கை வைத்தான். அப்போதும் இவன்தான் "மீ" என்றான். ஆகவே இதை ஒரு நல்ல பழக்கம் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சலுக்கு அடியில் ஒரு சின்னப் பயமும் இருந்தது. அடியைத் தேடிப் போகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

"நல்லவனா இருக்கிறவனுக்கு எப்ப அடி விழும் எண்டு தெரியாது அண்ணை," என்று ஒருநாள் சொன்னான். "கெட்டவனுக்குத் தெரியும். தெரிஞ்சா உடம்பைத் தயாரா வைச்சிருக்கலாம்."

"நீ தத்துவம் பேசாமல் அந்தப் பலட்டைக் கட்டு," என்றேன் நான்.

பிள்ளைகளுக்கு அவனைக் கண்டால் கொண்டாட்டம். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டி முடிவதற்குள் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடுவான். பிள்ளைகள் துரத்திப் போய் மொத்துவார்கள். ஒரு குத்துக்கு மூன்று குட்டிக்கரணம் அடித்து விழுவான். எங்களோடு வேலை செய்த, தொங்கா என்ற தீவுநாட்டுக்காரர் ஒருவர், மலை மாதிரி ஆள், சனிக்கிழமைகளில் சின்னச் சின்ன மல்யுத்தக் காட்சிகளில் ஆடுகிறவர். அப்படி ஒரு விழாவில் இவன் விழுவதைப் பார்த்துவிட்டு, தங்கள் பயிற்சிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, நான் ரெஸ்லிங் பழகிறன்," என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான்.

"உன்னைத் தூக்கிப் போட்டா முள்ளுத்தானேடா மிஞ்சும்?"

"விழத்தான் சொல்லித் தருகினம். நாடியை நெஞ்சிலை ஒட்டவேணும், மூச்சை விடவேணும், ரெண்டு கையாலையும் பலகையிலை அடிக்கவேணும். சத்தம் பெரிசா வரும், நோவு கொஞ்சம்தான்."

யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற மல்யுத்தம் இது. அது எல்லோருக்கும் தெரியும், பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒருவன் நல்லவனாகவும் ஒருவன் கெட்டவனாகவும் வரவேண்டும். இல்லாவிட்டால் சனம் எழும்பிப் போய்விடும். அதை நடத்தியவர் முன்னாளில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர். பெரிய வயிறு, இளகின மனம். இவனுடைய நிறத்தைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு தலைப்பாகையும் பளபளக்கிற சால்வையும் கொடுத்து மகாராஜா என்ற கெட்டவனாக மேடையேற்றினார். ஒருவரும் கூச்சல் போடவில்லை. பிள்ளைகள் வரிசையில் வந்து தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார்கள். இவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அடுத்த கிழமை தானே ஒரு வேஷத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போனான். செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெற், வெள்ளைத் தொப்பி, கையில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல். பெயர் கப்டன், அகதிப் படகு ஓட்டுகிறவன். இறைச்சிக்கடைக்காரர் யோசித்தாராம். "உனக்குச் சம்மதமா, நிச்சயமாகவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாராம். இவன்தான் பிடிவாதமாக நின்றிருக்கிறான்.

நான் அந்த வேஷத்தைப் பார்த்தது மேற்கே, புது வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில். அந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். கொழுத்த ஆடு, உயரமான கோழி, ஜாம் போத்தல், மரம் வெட்டும் போட்டி, ராட்டினம் எல்லாம் உண்டு. என்னோடு காரில் எங்கள் தெரு அங்கிளும் வந்தார். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்ச் சங்கமொன்றின் தலைவர். தன் வீட்டுப் பின்வளவில் விளைந்த புடலங்காயை 'ஏனைய காய்கறிகள்' பிரிவில் போட்டிக்கு வைத்திருந்தார். அந்தப் பிரிவுக்கு மூன்றே மூன்று காய்கள் வந்திருந்தன. அங்கிளுக்கு மூன்றாம் இடம். நடுவருக்குப் புடலங்காய் என்றால் என்னவென்றே தெரியாது என்று அவர் அளக்காத ஆளில்லை. அந்தக் கடுப்போடுதான் மல்யுத்தம் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

அல்பாக்கா விலங்குகளின் கொட்டகைக்குப் பக்கத்தில் மேடை. நாலு பக்கமும் கயிறு, சுற்றிவர வைக்கோல் கட்டுகள் இருக்கைகளாக. நல்ல வெயில், புழுதி. கப்டன் வந்தான். மேடையைச் சுற்றி மெதுவாக நடந்து, போத்தலைத் திறந்து முன்வரிசைப் பிள்ளைகளிடம் நீட்டினான். ஒரு பிள்ளை கையை நீட்டியதும் பின்னுக்கு இழுத்து, மடக்கு மடக்கென்று தானே குடித்தான். கொஞ்சம் மிஞ்சியதைப் புல்லில் ஊற்றினான். கூட்டம் கொதித்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி கைத்தடியை ஓங்கினார். "வந்த படகிலேயே திரும்பிப் போ!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் எழும்பியது, பிறகு எல்லாக் குரலும் சேர்ந்துகொண்டன. எல்லோரும் விளையாட்டாகத்தான் கத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று குரல்களில் விளையாட்டு இருக்கவில்லை. அது எனக்குக் கேட்டது. என் முதுகு சில்லிட்டது.

அவனுக்கோ ஆனந்தம். கையை உயர்த்தினால் கூச்சல் கூடியது, காதைப் பொத்தினால் இன்னும் கூடியது, விரலை உதட்டில் வைத்தால் வானம் அதிர்ந்தது. எவ்வளவு வெறுக்கவேண்டும் என்று அவனேதான் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நின்றான். பிறகு தீயணைப்பு வீரர் உடுப்பில் ஒருவன் வந்து இவனைத் தூக்கித் தூக்கிப் போட்டான். ஒவ்வொரு விழுதலுக்கும் பலகை இடி மாதிரி அதிர்ந்தது. கடைசியில் வாளித் தண்ணீரை இவன் தலையில் கவிழ்க்க, சனம் எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. நனைந்துபோய், நொண்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போகிறபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

"இது அநியாயம்!" என்றார் அங்கிள். முகம் சிவந்திருந்தது. "எங்கடை பிள்ளையை இப்பிடி நிப்பாட்டிப்போட்டுப் பழிக்கிறாங்கள், நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்!"

"அங்கிள், அவன்தான் விரும்பி..."

"என்ன விரும்பி? மானம் எண்டு ஒண்டு இல்லையோ?"

புடலங்காய்க்குக் கிடைக்காத நியாயத்தை இவனுக்காவது வாங்கித் தருவது என்று தீர்மானித்துவிட்டார் போலிருந்தது. இறைச்சிக்கடைக்காரரைத் தேடிப்பிடித்து, தன் கணக்காளர் ஆங்கிலத்தில் ஒரு உரையே நிகழ்த்தினார். இவன் அகதி, போரில் எல்லாம் இழந்தவன், கடலில் சாவைப் பார்த்து வந்தவன், தங்கமான பிள்ளை, எங்கள் சமூகத்தின் மனம் புண்பட்டிருக்கிறது. அந்த மனிதர் ஏற்கெனவே மனச்சாட்சி உறுத்திக்கொண்டு இருந்தவர். கண் கலங்கி, அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கண்காட்சியில் கப்டன் இல்லை, லைஃப் ஜாக்கெற் இல்லை. அவன் நல்லவனாக வருவான். அவன் கடலைக் கடந்து வந்த கதையை இறைச்சிக்கடைக்காரரே ஒலிவாங்கியில் சொல்லுவார். அவனே வெல்லுவான். இது அவர் கொடுத்த வாக்கு.

திங்கட்கிழமை இவன் கொள்கலன்களுக்கு நடுவில் என்னை மறித்தான். அவ்வளவு கோபத்தில் அவனை நான் பார்த்ததே அந்த ஒருமுறைதான்.

"உந்த மனுசனை ஏன் அண்ணை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நல்லதுதானேடா. இனிச் சனம் கை தட்டும்."

"எதுக்குத் தட்டும்? படகுக் கதைக்கோ?"

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு, ஓடு எத்தனை பெட்டி வந்திறங்கியது என்று சொல்கிற அதே குரலில் அந்தக் கதையைச் சொன்னான்.

"நாப்பது பேருக்கு மேலை. எஞ்சின் நிண்டுபோச்சுது. தண்ணி ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலிலை இருந்தது. முதல் ரெண்டு நாளும் நினைச்ச நினைச்ச ஆக்கள் அள்ளிக் குடிச்சினம். பேந்துதான் பயம் பிடிச்சுது. ஒரு ஆள் காவலுக்கு நிக்கவேணும், அளந்து குடுக்கவேணும் எண்டு முடிவெடுத்தினம். ஆர் நிக்கிறது? எல்லாருக்கும் தாய் தேப்பன், மச்சான் மச்சாள், ஊராக்கள் எண்டு இருக்கினம். எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது? நான் தனிய வந்தனான். நான் நிக்கிறன் எண்டன்."

"சரி."

"பெரியாக்களுக்குக் காலமை ஒரு போத்தல் மூடி, பின்னேரம் ஒரு மூடி. குழந்தையளுக்கு ரெண்டு. ஒரு வயசானவர் இருந்தார். மருமேள், கைக்குழந்தையோடை வந்து என்ரை காலைப் பிடிச்சவா. மாமாவுக்கு ஒரு மூடி தாங்கோ எண்டு. ஒரே ஒரு மூடி அண்ணை. நான் குடுக்கேல்லை. விடிய முன்னம் அவர் முடிஞ்சிட்டார்."

நானும் அவனுக்குப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தேன்.

"குழந்தையள் எல்லாம் உயிரோடை கரைக்கு வந்ததுகள்," என்றான். "அதுக்குப் பிறகு அந்தப் படகிலை வந்த ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை. அது சரிதான். அவையளுக்குக் கோவிக்க ஒரு ஆள் வேணும்தானே? கடலைக் கோவிச்சு என்ன செய்யிறது?"

"அதுக்காகத்தானோ அந்தப் போத்தல்?"

"போத்தலுக்குச் சனம் நல்லாக் கத்தும்," என்று மட்டும் சொன்னான்.

"மாட்டன் எண்டு சொல்லிவிடன்."

"சொன்னா ஏன் எண்டு கேப்பான். சொல்லாமல் விட்டுப்போட்டுப் போகவும் ஏலாது. அந்த மேடையை விட்டா எனக்கு வேறை என்ன கிடக்கு?" பெட்டியிலிருந்து எழும்பினான். "கத்தினா நான் நிப்பன் அண்ணை, எவ்வளவு நேரமெண்டாலும் நிப்பன். அந்தக் கதையைச் சொல்லிக் கை தட்டினா, அதுக்குள்ளை எப்பிடி நிக்கிறது? அதுதான் எனக்குத் தெரியேல்லை."

அங்கிள் சும்மா இருக்கவில்லை. கோயிலில் சொல்லி ஒரு பஸ் ஒழுங்கு செய்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்தார். 'எங்கள் வீரன்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துணிப் பதாகை எழுதுவித்தார். பஸ்ஸில் இடம் போதாமல் ஒரு தாயையும் மகளையும் என் காரில் ஏற்றிவிட்டார். தாய் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறவர். மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். மல்யுத்தப் பைத்தியம். வழி நெடுக, எந்த வீரர் யாரை எந்தப் பிடியால் மடக்கினார் என்று ஆங்கிலத்தில் எனக்கு வகுப்பெடுத்தாள்.

"எனக்கு உந்த அடிபிடி ஒண்டும் விளங்காது," என்றார் தாய் சிரித்துக்கொண்டு. "இவளுக்காகத்தான் வாறன். எங்கடை ஆள் ஒராள் ஆடுறாராம் எண்டு அங்கிள் சொன்னவர்."

பேச்சுவாக்கில் தாங்களும் படகில் வந்தவர்கள் என்றார். எத்தனையோ படகுகள் வந்தன, எத்தனையோ பேர் வந்தார்கள். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இது பக்கத்து ஊர்க் கண்காட்சி; மேடை ஆட்டுப்பட்டிக்கு அருகே. இறைச்சிக்கடைக்காரர் ஒலிவாங்கியோடு ஏறினார். உண்மையாகவே தழுதழுத்த குரலில், கடல், இருட்டு, நின்றுபோன எஞ்சின் என்று சொல்லத் தொடங்கினார். அங்கிள் கொடுத்த தகவல்கள். கூட்டம் ஆட்டுச் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு அமைதியாகிவிட்டது. "இதோ, எல்லாவற்றையும் வென்று நம்மிடம் வந்து சேர்ந்தவன்!" என்றதும் இவன் வெளியே வந்தான். நாட்டு அணியின் நிறங்களான பச்சையும் மஞ்சளுமாக ஒரு சால்வை. வெறுங்கை. முழுச் சனமும் எழும்பி நின்று கை தட்டியது. போனதடவை என் முதுகைச் சில்லிட வைத்த குரல்காரர்களும் அதில் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. எங்கள் ஆட்கள் பதாகையைத் தூக்கி ஆட்டினார்கள். மகள் வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று விசில் அடித்தாள்.

தாய் எழும்பவில்லை.

அவருடைய முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. இரண்டு கையாலும் வைக்கோல் கட்டின் கயிற்றைப் பிடித்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து, "தெரியுமோ தங்கச்சி?" என்றேன்.

"ஒரே படகு," என்றார். மேடையில் நின்ற அவனையே பார்த்தார். பிறகு, மகளுக்குக் கேட்காத குரலில், "என்ரை மாமாவுக்கு ஒரு மூடித் தண்ணி கேட்டனான் அண்ணை. தரேல்லை."

"சொன்னவன்," என்றேன். "எனக்குச் சொன்னவன்."

"தந்திருந்தா இன்னொராளும் கேட்டிருக்கும். பேந்து இன்னொராள். கடைசியிலை இவளுக்கு இருந்திருக்காது. எனக்கு அது தெரியும். அப்பவும் தெரியும், இப்பவும் தெரியும்." கயிற்றை விடவில்லை. "தெரியாமல் இருந்திருந்தா லேசு. வாய் நிறையத் திட்டியிருப்பன். இப்ப திட்டவும் ஏலாது, கை தட்டவும் வருகுதில்லை."

மேடையில் அவன் படுமோசமாக ஆடினான். கூச்சலுக்கு அப்படி வளைந்து கொடுத்த உடம்பு கைதட்டலுக்குக் கட்டை மாதிரி விறைத்து நின்றது. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அடி விழுந்தவன் போல் கண்ணை மூடினான். எதிராளி, பாவம், தானே தடுக்கி, தானே சுழன்று, தானே விழுந்து அவனை வெல்ல வைத்தான். நடுவர் இவனுடைய கையைப் பிடித்து உயர்த்தினார். அந்தக் கையைத் தொடர்ந்து எங்கள் பதாகைப் பக்கம் திரும்பியபோதுதான் அவன் அந்தத் தாயைக் கண்டான். பதாகைக்குக் கீழே, இத்தனை பேர் நிற்க, உட்கார்ந்திருந்த ஒரே ஆள். உயர்த்திய கை நடுவரின் பிடியில் தொங்கியது.

ஆட்டம் முடிந்தால் நல்லவர்கள் மேடைக்குக் கீழே வந்து பிள்ளைகளோடு நின்று படம் எடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். வரிசை நீளமாகிவிட்டது. இறைச்சிக்கடைக்காரர் பெருமையோடு பக்கத்தில் நின்றார். இவன் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தாய் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அவளுடைய முறை வந்தது. இவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற தாயைப் பார்த்தான். இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்து, கையில் ஏந்திய அந்தக் குழந்தை இவள்தான் என்று விளங்கிக்கொள்ள அவனுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?

போனை ஒரு கையால் தட்டிவிட்டான். "நோ போட்டோ! கெற் லொஸ்ற்!"

வரிசை அப்படியே திகைத்தது. மகள் புழுதியில் விழுந்த போனை எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். யாரோ ஒருவர் 'ஊ' என்று சத்தம் போட்டார். பிறகு பலர். இறைச்சிக்கடைக்காரர் தலையில் கை வைத்தார். அங்கிளின் கையிலிருந்த பதாகைக் கம்பு சரிந்தது. சுற்றி நின்று எல்லோரும் ஏச, இவன் தோளை நிமிர்த்தி, ஒரு சக்கரம் சுற்றி, காதைப் பொத்திக் காட்டினான். கூச்சல் கூடியது.

தாய் மகளை என்னிடம் விட்டுவிட்டு அவனை நோக்கிப் போனார். நான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவள் அழுதபடி போனைத் துடைப்பதிலேயே இருந்தாள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படகிலிருந்து ஒருவர் அவனோடு பேசப் போகிறார்.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது," என்றார். "நான் சொன்னதில்லை. ஒரு படம்தானே."

"அவ எடுத்துக்கொண்டு போயிடுவா அக்கா," என்றான். வாய் மட்டும் தமிழில் மெதுவாகப் பேசியது. கையும் தோளும் கூட்டத்துக்குக் கெட்டவனாகவே நின்றன. "பேந்து சுவரிலை ஒட்டுவா. ஒவ்வொரு நாளும் பாக்கப்போறது நீங்கள்."

அவர் இல்லை என்று சொல்லவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்! பரவாயில்லை, ஒட்டட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒரு சொல் போதும், அவன் அந்தக் கையை இறக்கியிருப்பான். அவரும் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. அவர் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. நான் பார்த்தேன்.

"ஓம்," என்றார் கடைசியில். பிறகு, "பெரிய உபகாரம், தம்பி" என்றார்.

அவன் தலையை ஆட்டினான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இன்னும் கத்துங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினான்.

"ஹீ இஸ் ஹொரிபிள், அம்மா," என்றாள் மகள், கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில். தாய் மறுக்கவில்லை. அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டு நடந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. கெட்டவனாக நின்று அவன் அவருக்குக் கொடுத்ததை எடுத்துத் திருப்பி வைக்க நான் யார்?

பின்னால் சனம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. காரைத் திறந்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அந்த நிம்மதி அவன் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.